கறுப்புக் கவர் பாடத்திட்டம்

என் தங்கை மகள் கோவைப் பக்கம் ஒரு மகளிர் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தலை வாரி, பொட்டு வைத்து, துப்பட்டாவுக்குப் பின் குத்திக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள்.

"மாமா, பின்னாடி கைலியோட நடக்காதீங்க. கேமரா ஆன்ல இருக்கு."

"லீவுல என்னம்மா கிளாஸ்?"

"வெபினார் மாமா. அட்டெண்ட் பண்ணலேன்னா இன்டர்னல்ல கை வெச்சிருவாங்க."

வாட்ஸ்அப்பில் வந்த அழைப்பிதழைக் காட்டினாள். 'இளம்பெண்கள் நலம்: சவால்களும் தீர்வுகளும்.' கீழே, மருந்து அட்டையில் காலாவதி தேதி அச்சிடும் அளவு எழுத்தில், 'கருத்தடை விழிப்புணர்வு உள்பட'. நடத்துபவர்கள் நாட்டு நலப்பணித் திட்டம், செஞ்சுருள் சங்கம், மகளிர் மேம்பாட்டுப் பிரிவு, உள்தர உறுதிப் பிரிவான ஐ.க்யூ.ஏ.சி. நான்கு அமைப்பு சேர்ந்து நடத்தினால் ஒரே போட்டோவை நான்கு கோப்பில் போடலாம். கல்லூரிக்குத் தர மதிப்பீடு போடும் நாக் குழு வரப்போகிறதாம்.

கைலியை மாற்றிக்கொண்டு, கேமராவுக்குப் படாத மூலையில் நாற்காலி போட்டு நானும் உட்கார்ந்தேன். ஒரு கல்லூரி இந்தச் சொல்லை அழைப்பிதழில் போட்டிருக்கிறதே என்று எனக்கு மரியாதையே வந்துவிட்டது. அந்த மரியாதை ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

தமிழ்த்தாய் வாழ்த்து. வரவேற்புரை 14 நிமிடம். தலைமையுரை 11 நிமிடம். அதில் பண்பாடு என்ற சொல் எத்தனை முறை வந்தது என்று எண்ணத் தொடங்கி, விரல் தீர்ந்ததும் விட்டுவிட்டேன். டாக்டரம்மாவின் பட்டங்களையும் பதக்கங்களையும் வாசிக்க 7 நிமிடம். இவ்வளவு படித்த அந்த அம்மாள் பேசியது 19 நிமிடம். இரும்புச்சத்து, பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை, எட்டு மணி நேரத் தூக்கம், செல்போனைக் குறைத்தல். எல்லாம் நல்ல விஷயம். என் பாட்டி கட்டணம் வாங்காமல் சொன்னவை.

ஸ்லைடின் கீழ்மூலையில் எண் போட்டிருந்தது. 12, 13, 14. அடுத்து வந்தது 23. நடுவில் எட்டு ஸ்லைடு மாயம். அந்த அம்மாள் ஒரு கணம் தயங்கினார். "சில விஷயங்களை நேரம் கருதித் தவிர்க்கிறேன்" என்றார். கருத்தடையை நேரம் கருதித் தவிர்த்த நிகழ்ச்சி, தமிழ்நாட்டுக் கல்வி வரலாற்றில் இது முதலாவதாக இருக்காது. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. எண்களை மாற்றாமல் விட்டாரே, அதுவே ஒரு சாட்சியம் என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் உச்சம். சந்தேகங்களைக் கூகுள் படிவத்தில் கேட்கலாம் என்றார்கள். படிவம் திறந்தது. பெயர், துறை, பதிவு எண், பெற்றோர் கைபேசி எண். நான்கிலும் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாமல் நகர முடியாது. அதன்கீழே ஒரு வரி: 'உங்கள் அடையாளம் ரகசியமாக வைக்கப்படும்.'

வந்த கேள்விகள்: பூஜ்யம்.

"கேள்விகள் ஏதும் இல்லாததிலிருந்து மாணவிகள் தெளிவாகப் புரிந்துகொண்டார்கள் என்று தெரிகிறது" என்று நன்றியுரையில் சொன்னார்கள். நன்றியுரை 9 நிமிடம். அடுத்த பத்தாவது நிமிடம் மின்சான்றிதழ் வந்தது. தங்க நிறக் கரை, நான்கு கையெழுத்து. 'கருத்தடை விழிப்புணர்வுப் பயிலரங்கில் வெற்றிகரமாகப் பங்கேற்றார்.' என் தங்கை மகள் அதைப் பார்த்துச் சிரித்தாள். "மாமா, இதை வெச்சு என்ன பண்றது? சுத்திப் போட்டா யூஸ் ஆகுமா?"

இருபது வயதுப் பெண்ணின் கேலியில் இருந்த விவரம், அந்த நான்கு கையெழுத்துக்காரர்களிடம் இல்லை.

இந்தக் கூத்து நடக்கும் நாடு எது என்று நினைவில் வையுங்கள். 1952-லேயே குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக்கிய உலகின் முதல் நாடு. 1968-ல் நிரோத் ஆணுறையை அறிமுகம் செய்து, மளிகைக் கடை வரைக்கும் கொண்டுபோன நாடு. தலைகீழ்ச் சிவப்பு முக்கோணத்தைப் பேருந்து முதுகிலும் பள்ளிக்கூடச் சுவரிலும் வரைந்த நாடு. நாமிருவர் நமக்கிருவர் என்று ஊர் ஊராய் ஒலிபெருக்கி வைத்துக் கத்திய நாடு. இப்போது கத்தத் தெம்பில்லையா? இருக்கிறது. கேட்பவள் கழுத்தில் தாலி இல்லை, அவ்வளவுதான்.

தாலி இங்கே வெறும் நகை கிடையாது. அது ஓர் அனுமதிச்சீட்டு. 1971-ல் வந்த கருக்கலைப்புச் சட்டத்தைப் பாருங்கள். கருத்தடைச் சாதனம் தோற்றுப்போய்க் கரு தங்கினால் கலைக்கலாம் என்று அதில் இடம் வைத்தார்கள். யாருக்கு? 'மணமான பெண் அல்லது அவள் கணவர்' பயன்படுத்திய சாதனமாக இருந்தால். ஆணுறை கிழிவதற்கும் இந்திய நாடாளுமன்றம் முகூர்த்தம் கேட்டது. 2021-ல்தான் சட்டத்தைத் திருத்தி 'பெண் அல்லது அவள் இணையர்' என்று மாற்றினார்கள். ஐம்பது ஆண்டு. 24 வாரம் வரையிலான அனுமதியில் மணமாகாதவளை ஒதுக்கக்கூடாது என்று சொல்ல 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வரவேண்டியிருந்தது.

சரி, சட்டம் டெல்லியில் இருக்கிறது. நம் தெருமுனை மருந்துக்கடைக்கு வருவோம்.

அவசரக் கருத்தடை மாத்திரையை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கலாம் என்று மத்திய அரசு 2005-லேயே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் தடை கிடையாது என்று மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் கேட்கும்போதெல்லாம் சொல்கிறார்கள். கடையில் போய்க் கேளுங்கள். நான் கேட்டேன். கடைக்காரர் என் நரைத்த தலையைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார்.

"அதெல்லாம் வெக்கறதில்ல சார்."

"ஏன், தடை இருக்கா?"

"தடையெல்லாம் இல்ல சார்."

"அப்புறம்?"

"வெச்சா, ஏன் வெச்சேன்னு வந்து கேப்பாங்க சார்."

யார் கேட்பார்கள் என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. எண் இல்லாத அரசாணை அது. தேதி இல்லை, கையெழுத்து இல்லை. போடப்படாததால் ரத்து செய்யவும் வழியில்லை. நீதிமன்றத்துக்குப் போனால் எதை எதிர்த்து வழக்குப் போடுவீர்கள்? தடை இல்லாத தடை. கண்டுபிடித்தவனுக்கு ஒரு பத்மஸ்ரீ கொடுக்கலாம்.

அதே கடையில் சானிட்டரி நாப்கின் வாங்கினால் முதலில் செய்தித்தாளில் சுற்றுவார்கள், பிறகு கறுப்புக் கவர். மதுக்கடைப் புட்டியைக் கையில் பிடித்து ஆட்டிக்கொண்டு நடுரோட்டில் போகலாம். அதற்குக் கறுப்புக் கவர் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார்.

ஆணுக்கு ஏதாவது கோளாறு என்றால் மட்டும் இந்த மாநிலத்தின் வெட்கம் எங்கோ வெளியூர் போய்விடுகிறது. டி.வி.யைப் போடுங்கள். பரம்பரை வைத்தியர் உட்கார்ந்திருப்பார். இளைஞர்கள் இளமையில் செய்த 'தவறு'களைப் பற்றி, நரம்புத் தளர்ச்சி பற்றி, கை ஆட்டி ஆட்டி அரை மணி நேரம் பேசுவார். எந்த ஊரில், எந்த லாட்ஜில், எந்தத் தேதியில் பார்க்கலாம் என்று திரையில் ஓடும். குடும்பமே சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கும். யாருடைய பண்பாடும் புண்படாது. ஆணுறை விளம்பரம் வந்தால் மட்டும் புண்பட்டுவிடும். 2017 டிசம்பரில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஆணுறை விளம்பரங்களை இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணிக்குள் போடுங்கள் என்று அறிவுரை அனுப்பியது. ஆபாசமானவற்றைத்தான் சொன்னோம் என்று பிறகு விளக்கம். பத்து மணிக்கு மேல் விழித்திருப்பவனுக்கு மட்டும் பால்வினை நோய் வரும் போலிருக்கிறது.

இதே தமிழ்நாட்டில் ஒரு காலம் இருந்தது. 1986-ல் இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று முதன்முதலில் கண்டுபிடித்தவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரிக்காரர்கள். சுனிதி சாலமன் என்ற பேராசிரியையும் அவர் மாணவியும். இரண்டு பெண்கள். பிறகு, 2003 வாக்கில், சுவரெல்லாம் ஒரு விழிப்புணர்வுக் கேள்வி: புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா? எட்டு வயதுப் பையன்கூடப் பேருந்து ஜன்னல் வழியே எழுத்துக்கூட்டிப் படித்தான். குடும்பத்தோடு போனவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆனாலும் சொல் ஊருக்குள் இறங்கியது. வானம் இடிந்து விழவில்லை. புள்ளிராஜா ஆண். அவனுக்காகச் சுவரைக் கொடுத்தோம். புள்ளிராணிக்கு எட்டு ஸ்லைடு கொடுக்க மனசில்லை.

2005-ல் நடிகை குஷ்பு ஒரு பத்திரிகையில், மணமாகுமுன் உறவு கொள்ளும் பெண்கள் கருத்தரிக்காமலும் நோய் வராமலும் பாதுகாத்துக்கொள்ள வேண்டும் என்ற பொருளில் ஒரு கருத்துச் சொன்னார். மத்திய அரசு மாத்திரையைக் கடைக்கு அனுப்பிய அதே ஆண்டு. நாம் என்ன அனுப்பினோம்? செருப்பும் விளக்குமாறும். ஊர் ஊராய் வழக்கு, மொத்தம் 23. உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் தூக்கி எறிந்தபோது 2010 ஏப்ரல் ஆகிவிட்டது. அந்த ஐந்தாண்டில் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் ஒரு பாடத்தை ஐயம் திரிபறக் கற்றுக்கொண்டன: வாயைத் திறக்காதே. அன்று தெருவில் நின்ற விளக்குமாறுதான் இன்று ஸ்லைடுகளைக் கூட்டித் தள்ளுகிறது.

இன்னொரு வேடிக்கை. பெண்ணுக்குக் கருத்தடை உரிமை வேண்டும் என்று 1930-களிலேயே குடியரசு ஏட்டில் எழுதியவர் பெரியார். மற்றவர்கள் நாட்டின் வறுமைக்காகவும் தாயின் உடல்நலத்துக்காகவும் கேட்டார்கள். அவர் பெண்ணின் விடுதலைக்காகக் கேட்டார். அவர் படம் எத்தனை கல்லூரி விழா மேடைகளில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். படத்துக்கு மாலை போடுவது சுலபம். அவர் எழுதியதை ஸ்லைடில் போட்டால் முதல்வர் அறைக்குக் கூப்பிடுவார்கள். லண்டனில் கருத்தடைப் பிரசுரம் ஒன்றை வெளியிட்டதற்காக 1877-ல் குற்றவாளிக் கூண்டில் நின்றவர் அன்னி பெசன்ட். பிற்காலத்தில் அந்தக் கருத்தை அவரே கைவிட்டார், அது வேறு கதை. அந்த அம்மாள் பெயரில்தான் பெசன்ட் நகர் இருக்கிறது. காற்று வாங்கலாம். மாத்திரை வாங்க முடியுமா என்று போய்க் கேட்டுப் பாருங்கள்.

பாலியல் கல்வி என்றாலே மேற்கத்தியச் சரக்கு என்பவர்களுக்கு ஒரு தகவல். அது தவறான எண்ணம் என்று உச்ச நீதிமன்றமே 2024 செப்டம்பரில் எழுதியிருக்கிறது. அதுவும் சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில். தீர்ப்பு வந்து, செய்தியாகி, அந்தச் செய்தித்தாளும் இந்நேரம் நாப்கின் சுற்றப் போயிருக்கும்.

ஆட்சியாளர்களோ வேறு கவலையில் இருக்கிறார்கள். 2020 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.4 குழந்தை. மக்கள்தொகையை வைத்துப் பங்கிட்டால் மக்களவைத் தொகுதி குறைந்துவிடும் என்ற பயம் வந்ததும், 2024 அக்டோபரில் திருமண மேடையிலேயே முதல்வர் ஸ்டாலின் பதினாறும் பெற வேண்டிய நிலை வருமோ என்று கேட்டார். 2025 மார்ச்சில், உடனே பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். தொகுதி பயம் நியாயமானது. டெல்லி செய்வது அநியாயம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கவனியுங்கள். எத்தனை பெறுவது என்று மைக் பிடித்துப் பேச மேடை உண்டு. பெறாமலிருப்பது எப்படி என்று பேச டாக்டருக்கு மைக் மியூட். அன்று வேண்டாம் என்றார்கள், இன்று வேண்டும் என்கிறார்கள். இரண்டு தடவையும் அவளைக் கேட்கவில்லை.

கேட்காமல் என்ன செய்வார்கள் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் அறுவை செய்துகொண்டது 0.3 விழுக்காடு. ஆணுக்கான அறுவை எளிது, ஆபத்து குறைவு. இருந்தும் 0.3. தசமப் புள்ளிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறது நம் ஆண்மை. இங்கே பெண்ணுக்குக் கருத்தடையைக் கற்பிக்க மாட்டார்கள். செய்துவிடுவார்கள். இருபது வயதில் ஒரு படம் காட்டினால் கெட்டுப்போவாள் என்பவர்கள், இருபத்தைந்து வயதில், இரண்டாவது பிரசவம் முடிந்த மேஜையிலேயே, கையெழுத்து வாங்கி முடித்து அனுப்புகிறார்கள். அவள் படிக்கும் முதல் பாடம் அதுதான். மயக்க மருந்தோடு.

முகாம் போட்டுச் செய்தால் எப்படி இருக்கும் என்பதைச் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் காட்டியது. 2014 நவம்பர். பயன்படாமல் கிடந்த மருத்துவமனைக் கட்டடம், ஒரே சர்ஜன், சில மணி நேரத்தில் 83 பெண்கள். அந்த வாரத்து முகாம்களுக்குப் போனவர்களில் 13 பேர் செத்தார்கள். அந்த சர்ஜனுக்கு அதே ஆண்டு தொடக்கத்தில் அரசு விருது கொடுத்திருந்தது. 50,000 அறுவை முடித்ததற்கு. இந்தக் கணக்கெல்லாம் எவனுக்கும் பண்பாட்டுச் சீரழிவாகத் தெரியவில்லை.

கல்லூரி சொல்லவில்லை என்றால் பெண்கள் தெரிந்துகொள்ள மாட்டார்களா? தெரிந்துகொள்வார்கள். விடுதி அறைத்தோழியின் அக்கா சொன்னாள் என்று பப்பாளிக்காய். யூடியூபில் ஓர் அண்ணன் சொன்னார் என்று அன்னாசி, எள்ளு, வெல்லம். கல்லூரி வைஃபையில் 'கருத்தடை' என்று தேடினால் 'ஆபாசத் தளம், அனுமதி இல்லை' என்று வருகிறதாம். தங்கை மகள்தான் சொன்னாள். பப்பாளிக்காய்க்குத் தடை இல்லை. அதற்கும் மேலே போனால் இருக்கவே இருக்கிறது நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கம்: கருக்கலைப்பு செய்த போலி டாக்டர் கைது. அந்தச் செய்தியில் வரும் பெண்ணுக்கு எப்போதும் பெயர் இருக்காது. சில சமயம் உயிரும்.

அந்த எட்டு ஸ்லைடில் என்னதான் இருந்திருக்கும்? ஒன்றும் ராக்கெட் ரகசியம் இல்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகத் தரவேண்டியவற்றின் பட்டியல்தான். எழுதிவிடுகிறேன். எனக்கு நாக் குழு வராது.

ஆணுறை: கருவையும் தடுக்கும், பால்வினை நோய்களிலிருந்தும் காக்கும். இந்தப் பட்டியலில் மற்ற எந்த முறையும் இந்த இரண்டாவது வேலையைச் செய்யாது. தினசரி மாத்திரை: மாலா-என், 28 மாத்திரை, அதில் 21-ல் ஹார்மோன், 7-ல் இரும்புச்சத்து, நாள் தவறக்கூடாது. சாயா: ஹார்மோன் இல்லாத மாத்திரை, லக்னோவில் நம் விஞ்ஞானிகளே கண்டுபிடித்தது, முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. அந்தரா: மூன்று மாதத்துக்கு ஓர் ஊசி. காப்பர்-டி: பத்தாண்டு வரை தாங்கும் வகை உண்டு, குழந்தை பெறாதவர்களும் போட்டுக்கொள்ளலாம், எடுத்துவிட்டால் பழையபடி கருத்தரிக்கலாம். அவசர மாத்திரை: 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும், தங்கிவிட்ட கருவைக் கலைக்காது, அடுத்த உறவுக்குக் காவல் நிற்காது, வாடிக்கையாகப் போடுவதற்கும் உரியதல்ல. மாதவிலக்கு ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினால் பரிசோதனை. எது யார் உடம்புக்கு ஒத்துவரும் என்பதை டாக்டரிடம் கேட்க வேண்டும். டாக்டர் "கல்யாணம் ஆச்சா?" என்பதை முதல் கேள்வியாகக் கேட்டு முகம் சுளித்தால், வேறு டாக்டரிடம் போக வேண்டும்.

படித்துப் பாருங்கள். ஒன்றரை நிமிடம் ஆகும். வரவேற்புரை 14 நிமிடம்.

வீட்டில் கல்லூரிக்குப் போகும் பெண் இருந்தால் இந்தப் பக்கத்தைக் கிழித்து அவள் மேஜைமேல் வையுங்கள். பையன் இருந்தால் அவன் மேஜைமேலும். கறுப்புக் கவர் வேண்டாம்.